அப்பலாச்சியன் நெடும்பாதை: குறைந்த சுமையும் இரண்டாம் முயற்சியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழ் நண்பர்கள், அவர்களுடன் சில மாதங்கள் தங்க ஊரிலிருந்து வரும் பெற்றோர், ஒரு முறை நடக்கத் தொடங்கிப் பாதியில் திரும்பியவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால் அவற்றை ஓரிடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே விட்டுவிட்டேன். முற்பகுதி புதியவர்களுக்கு உதவும். ஏற்கெனவே நடந்து பார்த்துத் திரும்பியவர்கள் எட்டாவது கேள்வியிலிருந்து படிக்கலாம்.

1. அப்பலாச்சியன் டிரெயில் என்கிறார்களே, அது சாலையா, காட்டு வழியா?

காட்டு வழிதான். தெற்கே ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, வடக்கே மெயின் மாநிலத்தின் கடாடின் மலையுச்சியில் முடியும் இந்த ஒற்றையடிப் பாதை 14 மாநிலங்களைக் கடந்து ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீள்கிறது. பென்டன் மெக்கை என்பவர் 1921இல் முன்மொழிந்த இப்பாதை 1937இல் முழுமையாக இணைக்கப்பட்டது. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக நாட்டின் பாதுகாக்கப்பட்ட பாதைகளுள் ஒன்றாயிற்று.

வழி தவறாமலிருக்க மரங்களிலும் பாறைகளிலும் இரண்டு அங்குல அகலமும் ஆறு அங்குல உயரமும் கொண்ட வெள்ளைப் பட்டை தீட்டியிருக்கிறார்கள். நீலப் பட்டை இருந்தால் அது தண்ணீருக்கோ தங்குமிடத்துக்கோ பிரியும் கிளை வழி. பட்டை தீட்டுவது முதல் விழுந்த மரத்தை அறுத்து அகற்றுவது வரை பெரும்பாலான வேலையைச் செய்பவர்கள் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது பதிலில் இது மீண்டும் தேவைப்படும்.

2. அவ்வளவு தூரத்தையும் ஒரே மூச்சில் நடக்கிறார்களா?

நடக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஐந்து முதல் ஏழு மாதங்கள் ஆகின்றன. முழுப் பாதையையும் ஒரே பயணமாக நடந்ததாக முதலில் தெரிவித்தவர் ஏர்ல் ஷேஃபர். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய அவர் 1948இல் 124 நாட்களில் நடந்து முடித்தார். இன்று ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் தொடங்கினாலும், நான்கில் ஒருவரே முடிக்கிறார் என்பது அப்பலாச்சியன் பாதைப் பாதுகாப்பு அமைப்பு நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. ஆகவே பாதியில் திரும்புவது விதிவிலக்கு என்று எண்ண வேண்டாம், முடிப்பவர்தான் விதிவிலக்கு.

3. மினிமலிசம் என்பது வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பது; அதற்கும் மலை ஏறுவதற்கும் என்ன சம்பந்தம்?

வீட்டில் வேண்டாத பொருள் ஒன்றை அலமாரியின் மேல்தட்டில் தள்ளிவிட்டால் பல ஆண்டுகளுக்கு அது நம்மை எதுவும் கேட்காது. பாதையில் அதே பொருளை ஒவ்வொரு ஏற்றத்திலும் நம் தோளும் முழங்காலும் தூக்க வேண்டியிருப்பதால், இது உண்மையில் தேவையா என்ற கேள்வியை உடம்பே மாலைக்குள் கேட்டுவிடுகிறது. மினிமலிசம் என்ற எளிய வாழ்வைப் பற்றிப் படிப்பவர்கள் தேவைக்கும் ஆசைக்கும் இடையே கோடு போடத் திணறுகிறார்கள். நெடுநடை அந்தக் கோட்டைக் கிராம் கணக்கில் போட்டுக் காட்டுகிறது. சம்பந்தம் அவ்வளவுதான். நடந்தால் ஞானம் வரும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை.

4. பை எத்தனை கிலோ இருக்கலாம்?

முதலில் 'பேஸ் வெயிட்' என்ற கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். உணவு, தண்ணீர், அடுப்பு எரிபொருள் போன்ற தீர்ந்துபோகும் பொருட்களைத் தவிர்த்துப் பையின் மொத்த எடையே பேஸ் வெயிட். அது சுமார் 9 கிலோவுக்குள் இருந்தால் இலேசான பை என்றும், 4.5 கிலோவுக்குள் இருந்தால் மிக இலேசான பை என்றும் சொல்வது நடைபயணிகளின் வழக்கம். இதனுடன் நாளொன்றுக்கு 700 முதல் 900 கிராம் வரை உணவும், லிட்டருக்கு ஒரு கிலோவாகத் தண்ணீரும் சேரும்.

பொதுவான அளவுகோல், நிறைந்த பை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது. அமெரிக்கர்கள் எழுதும் பட்டியல்களை அப்படியே எடுத்துக்கொள்ளும் நம்மவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு மொத்தச் சுமை 11 கிலோ. அதில் நான்கு நாள் உணவுக்கும் ஒரு லிட்டர் தண்ணீருக்கும் நான்கு கிலோவுக்கு மேல் போய்விட்டால், பேஸ் வெயிட்டுக்கு எஞ்சுவது ஏழு கிலோவுக்கும் குறைவு. 85 கிலோ எடையுள்ளவரின் பட்டியல் அவருக்குப் பொருந்தாது.

குறைக்கத் தொடங்க வேண்டிய இடம் கூடாரம், குளிருக்கு உள்ளே நுழைந்து தூங்கும் ஸ்லீப்பிங் பேக், முதுகுப் பை ஆகிய மூன்றும்தான். பல் துலக்கியின் கைப்பிடியை அறுத்து ஐந்து கிராம் மிச்சம் பிடித்தவர்கள் இரண்டரைக் கிலோக் கூடாரத்தைச் சுமந்து போவதை அடிக்கடி பார்க்கலாம்.

5. எங்கள் தாத்தா இரண்டு வேட்டியும் ஒரு துண்டுமாக வாழ்ந்து முடித்தார். அதற்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்து இப்போது பாடம் நடத்துவது ஏன்?

நியாயமான கோபம். உங்கள் தாத்தாவிடம் மூன்றாவது வேட்டி வாங்கப் பணம் இருந்ததா என்பது கதையின் முக்கியமான பகுதி. இல்லாமையை எளிமை என்று புகழ்வது இருப்பவர்களுக்கு வசதியான பேச்சு. நெடுநடைக்குப் போகிறவர் ஆறு மாத வருமானத்தை இழக்க முடிந்தவர்; பையில் ஏதேனும் குறைந்தால் அடுத்த ஊரில் அட்டையைத் தேய்த்து வாங்கக்கூடியவர். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இலேசான பையோடு நடப்பவரின் சுமையில் ஒரு பகுதியை வேறு பலர் சுமந்துகொண்டிருக்கிறார்கள். பாதை நெடுகிலும் இருநூற்று ஐம்பதுக்கும் மேற்பட்ட, மூன்று பக்கம் மட்டும் சுவர் கொண்ட தங்கும் கொட்டகைகள் இருக்கின்றன. நான்கைந்து நாள் நடைக்கு ஒரு முறை ஏதேனும் ஓர் ஊரில் மளிகைக் கடை கிடைக்கிறது. அஞ்சல் நிலையங்கள் நமக்கு வந்த பொதியை நாம் வரும்வரை வைத்திருக்கின்றன. கொட்டகையின் கூரையைச் செப்பனிட்ட தன்னார்வலரை மறந்துவிட்டு என் தேவை ஐந்து கிலோதான் என்று பெருமை பேசுவது சரியன்று. வீட்டு எளிமைக்கும் இது பொருந்தும்: எனக்குக் கார் தேவையில்லை என்று சொல்பவர் அண்டை வீட்டாரின் காரில் எத்தனை முறை ஏறுகிறார் என்றும் எண்ணிப் பார்க்கலாம்.

6. நாங்கள் சைவம். ஐந்து மாதம் என்னத்தைச் சாப்பிடுவது?

இதில் நமக்கு வசதியே அதிகம். அவலைக் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்தாலே போதும் என்பதால் அடுப்பே இல்லாமல் நடப்பவர்கள்கூட அதைச் சாப்பிடலாம். சத்து மாவு, பருப்புப் பொடி, வறுத்த ரவையில் தாளித்து வைத்த உப்புமாக் கலவை, வேர்க்கடலை, பேரீச்சம்பழம், முறுக்கு எல்லாம் நாள்கணக்கில் கெடாதவை. அமெரிக்காவின் இந்திய மளிகைக் கடைகளில் கிடைப்பவை. அரிசியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வேக நேரமாவதால் எரிபொருளைத் தின்றுவிடும்.

கவனிக்க வேண்டியது எடைக்கு எவ்வளவு கலோரி என்பதை. ஒரு கிராம் நெய்யோ எண்ணெயோ ஏறக்குறைய 9 கலோரி தரும். கடலை வகைகள் 6 கலோரி. அவலும் மாவும் 4 கலோரிக்குக் கீழே. மலையில் நாள் முழுதும் நடப்பவருக்கு 4,000 கலோரிக்கு மேல் தேவைப்படுவதால் எல்லாவற்றிலும் நெய்யோ எண்ணெயோ ஊற்றிக்கொள்வது நல்லது. தேங்காய் எண்ணெய் அங்கத்திய குளிரில் கல்லாக உறைந்துவிடும். அகல வாய்ப் புட்டியில் வைத்தால் கரண்டியால் சுரண்டி எடுக்கலாம்.

உணவை இரவில் கரடிகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். ஜார்ஜியாவில் ஜாரர்ட் கணவாய்க்கும் நீல் கணவாய்க்கும் இடையே இரவு தங்குபவர்கள் மார்ச் 1 முதல் ஜூன் 1 வரை கரடி திறக்க முடியாத கெட்டியான டப்பாவில் உணவை வைப்பது கட்டாயம்.

7. இலேசான சாமான்கள்தான் விலை அதிகமாக இருக்கின்றன. இது பணக்காரர்களின் எளிமையா?

பாதி உண்மை. கூடாரம், ஸ்லீப்பிங் பேக் இரண்டிலும் கிராம் குறையக் குறைய விலை ஏறும். ஆனால் எடையைக் குறைக்கும் மிக மலிவான வழி எடுத்துப்போகாமல் விடுவது. அதற்குக் காசு தேவையில்லை. மாற்று உடை இரண்டு செட்டிலிருந்து ஒன்றாகக் குறைவதற்கும், முழு அளவுப் பற்பசை சிறு குழாயாக மாறுவதற்கும், கனமான குடிநீர்ப் புட்டிக்குப் பதில் கடையில் தண்ணீர் விற்கும் சாதாரணப் பிளாஸ்டிக் புட்டியை வைத்துக்கொள்வதற்கும் யாரும் கடன் வாங்க வேண்டியதில்லை. பழைய கனமான சாமானை மாட்டுக்கொட்டகையில் போட்டுவிட்டுப் புதிய இலேசான சாமானை வாங்கிக் குவிப்பவர் எளிமையாகவில்லை. அவர் இரண்டு செட் வைத்திருக்கிறார்.

பணம் கரைவது பெரும்பாலும் கடையில் அன்று, வழியிலுள்ள ஊர்களில்தான். மாதம் ஆயிரம் டாலருக்குக் குறையாமல் ஆகும் என்பது பொதுவான மதிப்பீடு. காட்டில் ஒரு நாளைக்கு உணவுச் செலவு மட்டுமே. ஊருக்குள் இறங்கினால் அறை, துணி துவைப்பு, உணவகம் என்று ஒரே இரவில் ஒரு வார உணவுப் பணம் போய்விடும். பசியோடு இறங்குபவரின் கை தாராளமாகவே இருக்கும்.

8. நன்றாகப் பயிற்சி செய்து போனவர்களும் திரும்பிவிடுகிறார்களே, ஏன்?

ஒரே காரணம் கிடையாது. எந்த இடத்தில் திரும்பினார்கள் என்று பார்த்தால் காரணம் ஓரளவு விளங்கும். முதல் வாரத்தில் திரும்புபவர்களைப் பெரும்பாலும் கனமான பையும் கொப்புளமும் எதிர்பாராத குளிருமே திருப்பி அனுப்புகின்றன. மார்ச் மாதத்து ஜார்ஜியாவில் பனி பொழியும் என்பதைத் தென் மாநிலம் என்ற சொல்லை நம்பிப் போனவர்கள் அறிந்திருப்பதில்லை.

ஸ்பிரிங்கர் மலையிலிருந்து 50 கிலோமீட்டரில் நீல் கணவாய் வருகிறது. அங்கே பாதை ஒரு பழைய கல் கட்டடத்தின் நடுவாகவே நுழைந்து வெளியேறுகிறது; அக்கட்டடத்தில் நடைபயணிகளுக்கான கடை ஒன்று இருக்கிறது. வாசலில் நெடுங்காலம் நின்ற மரத்தில் கிளைகொள்ளாமல் பழைய ஷூக்கள் நாடாவோடு தொங்கின. கடைக்காரர்கள் கேட்பவரின் பையைத் தரையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பிரித்துத் தருவார்கள். மடிக்கும் நாற்காலி, கையடக்கக் கோடரி, கெட்டி அட்டைப் புத்தகம், ஜீன்ஸ், இரண்டாவது டார்ச், அந்த டார்ச்சுக்கான மாற்று பேட்டரிகள், அவற்றுக்கும் மாற்றாக இன்னொரு பொட்டலம் என்று வெளியே வரும். பையின் சொந்தக்காரர் ஒவ்வொன்றுக்கும் ஒரு 'ஒருவேளை' வைத்திருப்பார். கடைசியில் நான்கைந்து கிலோ அட்டைப்பெட்டிக்குள் போய் அஞ்சலில் வீடு திரும்பும்.

இரண்டு மூன்று மாதங்களுக்குப் பிறகு திரும்புபவர்களின் காரணங்கள் வேறு: பணம் தீர்தல், எலும்பில் விழும் நுண்ணிய விரிசல், உண்ணி கடித்து வரும் லைம் நோய், வீட்டில் நேர்ந்த ஏதேனும் ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலாகச் சலிப்பு. பையின் எடை முதல் மாதத்தின் சிக்கல். அதன் பிறகு அது அனேகமாகத் தீர்ந்த சிக்கல். எளிமையைப் பற்றி எழுதுபவர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விடுவதாலேயே, நான்காவது மாதத்தில் திரும்பியவரும் அடுத்த முறைக்கு இன்னும் இலேசான கூடாரத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

9. போன முறை பாதியில் வந்துவிட்டேன். அடுத்த முறைக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது?

வீட்டுக்கு வந்ததும் பையைப் பிரித்து அலமாரியில் வைத்துவிடாதீர்கள். ஒரு போர்வையை விரித்து எல்லாவற்றையும் கொட்டி, நாள்தோறும் எடுத்தவை, சில நாள் மட்டும் எடுத்தவை, தொடாமலே வந்தவை என மூன்று குவியலாகப் பிரித்து, சமையலறைத் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதுங்கள். நினைவு இரண்டு மாதத்தில் மாறிவிடும். ஈரமான சாக்ஸை மாற்ற வழியில்லாமல் உட்கார்ந்திருந்த இரவு மறந்துபோய், காட்சி முனைகள் மட்டும் நினைவில் நிற்கும். மூன்றாவது குவியலின் எடையைக் கூட்டிப் பாருங்கள். அதுவே உங்களுக்கென்று எழுதப்பட்ட பட்டியல். யாருடைய காணொளியும் இதைத் தர முடியாது.

தனித் தாளில், திரும்பிய நாளுக்கு முந்தைய பத்து நாட்களை எழுதுங்கள்: எவ்வளவு நடந்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், எங்கே தூங்கினீர்கள், யாருடன் பேசினீர்கள். திரும்பிய நாளன்று நடந்தது பெரும்பாலும் கடைசித் துளிதான். முழங்கால் வலி என்று எல்லோரிடமும் சொன்னவர் இப்படி எழுதிப் பார்த்தபோது, அவர் அதற்கு முந்தைய வாரம் முழுவதும் மழையில் நனைந்து, ஊரில் தங்கப் பணத்தை எண்ணிக்கொண்டு, அரைவயிற்றோடு நடந்திருந்தது தெரியவந்தது. முழங்கால் வலியும் பொய்யில்லை. ஆனால் அதற்கு முழங்கால் பட்டை மட்டும் மருந்தாகாது.

10. அப்படியானால் தொடாமலே வந்ததை எல்லாம் விட்டுவிட்டால் போதும், இல்லையா?

போதாது, அது ஆபத்தாகவும் முடியலாம். மூன்றாவது குவியலில் மழையங்கி இருந்தால், அந்த வாரம் மழை பெய்யவில்லை என்பதே அதற்குப் பொருள். முதலுதவிப் பொருட்கள், மழையங்கி, இரவில் மட்டும் உடுத்த உலர்ந்த கதகதப்பான உடை, தலையில் கட்டும் விளக்கு, தண்ணீர் வடிகட்டி, கைப்பேசி எட்டாத இடத்திலிருந்து செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் கருவி ஆகியவற்றைப் பயன்பாட்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நான் வைத்துக்கொள்ளும் சோதனை இதுதான்: பொருள் இல்லாவிட்டால் நேர்வது அசௌகரியமா, ஆபத்தா? அசௌகரியம் என்றால் விட்டுவிடலாம்.

குளிருக்கு ஏற்ற ஸ்லீப்பிங் பேக்கை விட்டுவிட்டு மிச்சம் பிடிக்கும் அரைக் கிலோ, பாதையின் தென்பகுதியிலுள்ள கிரேட் ஸ்மோக்கி மலைகளில் ஓர் இரவில் உயிரோடு விளையாடிவிடும். அங்கே 2,000 மீட்டர் உயரத்துக்கு மேல் பாதை ஏறுகிறது. ஏப்ரலிலும் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போகும். கொட்டகை இருக்கிறதே என்று கூடாரம் இல்லாமல் போவதும் சரிப்படாது; கூட்ட நாட்களில் இருட்டுவதற்கு முன்பே கொட்டகை நிரம்பிவிடும்.

நம் ஊர் வெயிலுக்கு நிகரில்லாத பருத்தி, அங்கே எதிரி. நனைந்த பருத்தி உலராமல் உடற்சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதால் கம்பளி அல்லது செயற்கை இழையே உடுத்த வேண்டும். நுண்துளைக் குழாய் வகைத் தண்ணீர் வடிகட்டி ஒரு முறை உறைந்தால், பார்வைக்கு நன்றாகவே இருந்தாலும் உள்ளே கிழிந்து கிருமிகளை விடத் தொடங்கும். குளிர் இரவுகளில் அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு தூங்குங்கள்.

11. கேட்வுட் பாட்டி கேன்வாஸ் ஷூவும் துணிப்பையுமாக நடந்தாராமே. நமக்கு மட்டும் ஏன் இத்தனை பட்டியல்?

எம்மா கேட்வுட் பதினொரு பிள்ளைகளின் தாய். 1955இல், 67 வயதில், அப்பலாச்சியன் பாதை முழுவதையும் தனியாக, ஒரே பருவத்தில் நடந்த முதல் பெண்ணானார். தானே தைத்த துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கேன்வாஸ் ஷூ அணிந்து, மழைக்குக் குளியலறைத் திரைச்சீலையைப் போர்த்திக்கொண்டு நடந்தார். கூடாரமும் இல்லை, ஸ்லீப்பிங் பேக்கும் இல்லை.

எல்லோரும் துணிப்பையைச் சொல்கிறார்கள். 1954ஐச் சொல்பவர்கள் குறைவு. அந்த ஆண்டு அவர் வடமுனையான கடாடினிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டு, சில நாட்களிலேயே மெயின் காட்டில் வழி தவறி, மூக்குக்கண்ணாடி உடைந்து, உணவும் தீர்ந்து திரும்ப நேர்ந்தது. ஆளரவமற்ற நீண்ட வனமும் கடுமையான ஏற்றமும் மெயினில்தான் இருக்கின்றன. பழகாத கால்களோடு அங்கே தொடங்குவது யாருக்கும் கடினம். அடுத்த ஆண்டு மே மாதத்தில் அவர் ஜார்ஜியாவிலிருந்து வடக்கு நோக்கி நடந்து, மெயினை எட்டும்போது நான்கு மாத நடையைக் கால்களில் வைத்திருந்தார். செப்டம்பர் 25 அன்று கடாடின் உச்சியில் நின்றார். பை சிறியதாகவே இருந்தது, திசை மாறியிருந்தது. முந்தைய முயற்சியிலிருந்து கற்றுக்கொள்வதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

அவருடைய பட்டியலை அப்படியே பின்பற்றலாமா என்றால், வேண்டாம் என்பேன். அவர் மே மாதத்தில் புறப்பட்டார். வழியில் பல இரவுகள் முன்பின் தெரியாதவர்களின் வீட்டுக் கதவைத் தட்டி இடம் கேட்டுத் தங்கினார். பண்ணையில் உழைத்து, காட்டில் எதைத் தின்னலாம் என்று தெரிந்து வளர்ந்தவர். பையில் இல்லாததை அவர் உடம்பும் அறிவும் சுமந்தன. மார்ச் மாதத்தில் மென்பொருள் நிறுவனத்திலிருந்து நேரே போய் இறங்குபவருக்கு அந்தக் கையிருப்பு இல்லை.

12. பையை ஆறு கிலோவுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இருந்தும் வர்ஜீனியாவில் நடக்கவே பிடிக்கவில்லை. என்ன குறைத்தால் சரியாகும்?

எதையும் குறைக்க வேண்டாம். எட்டாவது பதிலில் சொன்ன இரண்டாம் வகைக் காரணம் இது. பாதையின் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வர்ஜீனியா என்ற ஒரே மாநிலத்திற்குள் இருக்கிறது. மாநில எல்லையைத் தாண்டிய மகிழ்ச்சி வாரக்கணக்கில் கிடைக்காது. கோடை மரங்கள் கவிந்து நாள் முழுவதும் பச்சைச் சுரங்கத்துக்குள் நடப்பதாக இருக்கும். இந்தச் சோர்வு பலருக்கும் வருவதால் நடைபயணிகள் இதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

இங்கே சிலர் வேண்டுமென்றே சுமையைக் கூட்டுகிறார்கள். புல்லாங்குழலோ, வரைய ஒரு சிறு நோட்டோ, சூடாகக் காப்பி போடும் வடிகட்டியோ. நான் அதை ஆதரிக்கிறேன். காலையில் எழுந்திருக்கக் காரணமாக இருக்கும் 200 கிராம், பையிலுள்ள மற்ற எதையும்விட அவசியமானது. மழை பெய்யும் நாளில் பயணத்தை நிறுத்தும் முடிவை எடுக்காதீர்கள் என்று பழைய நடைபயணிகள் சொல்வதையும் ஏற்கிறேன். ஊரில் இரண்டு நாள் தூங்கி, வயிறார உண்டு, வெயில் வந்தபின்னும் வேண்டாம் என்று தோன்றினால் வீட்டுக்குப் போகலாம். அப்படிப் போவதில் குறை ஒன்றும் இல்லை.

13. போவதற்கு முன் வீட்டிலுள்ளதை எல்லாம் விற்றுவிட வேண்டுமா?

ஆறு மாத வாடகையை நடைச் செலவோடு சேர்த்துத் தாங்க முடியாதவர்கள் வீட்டைக் காலி செய்கிறார்கள். அது கணக்கு சார்ந்த முடிவு, சரியான முடிவும்கூட. ஆனால் புறப்படும் பரபரப்பில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, இரண்டாம் வாரத்திலேயே கால் சுளுக்கித் திரும்பி, வெறும் அறையில் பாத்திரம் முதல் வாங்கத் தொடங்கியவர்களும் உண்டு. இரண்டாவது பதிலிலுள்ள நான்கில் ஒருவர் என்ற கணக்கை மனத்தில் வைத்து, திரும்பிவந்தால் முதல் மாதம் வாழத் தேவையானதை நண்பர் வீட்டு நிலவறையில் நான்கு பெட்டிகளில் வைத்துவிட்டுப் போங்கள். திரும்பிவந்தபின் எந்தப் பெட்டியை எத்தனை நாள் கழித்துத் திறந்தீர்கள் என்று பாருங்கள். ஒன்பதாவது பதிலின் மூன்று குவியல்கள் அங்கேயும் வேலை செய்யும்.

வீட்டில் மற்றவர்களும் இருந்தால் உங்கள் பொருட்களில் மட்டும் கை வையுங்கள். அம்மாவின் எவர்சில்வர் பாத்திரங்கள் உங்கள் எளிமைக்கு உட்பட்டவை அல்ல.

14. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் முழுதாக நடந்ததாகக் கணக்கில் வருமா, இல்லை முதலிலிருந்து வரவேண்டுமா?

வரும். எத்தனை ஆண்டுகளில், எந்த வரிசையில் நடந்தாலும், பாதை முழுவதையும் நடந்தவரைப் பாதைப் பாதுகாப்பு அமைப்பு ஒரே பட்டியலில் சேர்க்கிறது. உண்மையில், பாதை முழுவதையும் முதன்முதலில் நடந்தவரான மைரன் ஏவரி அதைப் பகுதி பகுதியாகவே நடந்து 1936இல் முடித்தார். தூரத்தை அளக்க சைக்கிள் சக்கரம் ஒன்றை உருட்டிக்கொண்டு போனவர் அவர். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் பாதையின் தென்பகுதியைச் சிதைத்தபோது, தெற்கு நோக்கி வந்துகொண்டிருந்தவர்கள் பலர் நிறுத்த நேர்ந்தது; அவர்களை யாரும் தோற்றவர்கள் என்று சொல்லவில்லை. முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்ற பிடிவாதம் உங்களுக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தந்தால் அப்படிச் செய்யுங்கள். நடந்த 800 கிலோமீட்டரைத் தண்டனையாக மீண்டும் நடக்க வேண்டாம்.

15. இந்தியாவிலிருந்து விசிட்டர் விசாவில் வந்து நடக்க முடியுமா?

சுற்றுலாவுக்கான பி-2 விசாவில் வரலாம். விசா பத்தாண்டுகளுக்கு இருந்தாலும், ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் தங்கலாம் என்பதை நுழைவிடத்தில் உள்ள அதிகாரியே முடிவு செய்கிறார். வழக்கமாக அதிகபட்சம் ஆறு மாதம். அந்தத் தேதியைத் தாண்டக் கூடாது. முழுப் பாதைக்கு இது சற்று நெருக்கடியான அளவு என்பதால், முதல் முறை பாதியை மட்டும் நடக்கத் திட்டமிடுவது புத்திசாலித்தனம். பதினான்காவது பதில் உங்களுக்கும் பொருந்தும். அடுப்புக்கான கேஸ் குப்பியை விமானத்தில் கொண்டுவர முடியாது. அங்கே வாங்கிக்கொள்ள வேண்டும். மருத்துவக் காப்பீடு இல்லாமல் மட்டும் வராதீர்கள்.

16. திரும்பி வந்த பிறகு கடைக்குள் போனாலே மூச்சு முட்டுகிறது. பொருள் வாங்குபவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. இது இயல்பா?

முதல் பகுதி இயல்பு. ஐந்து மாதம் இரண்டு சட்டையோடு இருந்தவருக்கு நாற்பது வகை ஷாம்பு வரிசை தலைசுற்றத்தான் செய்யும். நாள்தோறும் எட்டு மணி நேரம் நடந்த உடம்பு திடீரென நின்றுபோவதால் வரும் மனச்சோர்வும் அதனுடன் சேர்ந்துகொள்ளும். நடையை முற்றிலும் நிறுத்தாமல் நாளுக்கு ஓரிரு மணி நேரமாவது தொடருங்கள். சோர்வு வாரக்கணக்கில் நீங்காவிட்டால் மருத்துவரைப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

இரண்டாவது பகுதியில் எச்சரிக்கையாக இருங்கள். கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுக்கும் அக்காவிடம் பேஸ் வெயிட் பற்றிப் பேசுவதால் அவர் எளிமையாகப் போவதில்லை. உங்களை அடுத்த விசேஷத்துக்கு அழைக்க யோசிப்பார், அவ்வளவுதான்.

17. இரண்டாம் முறை எந்த மாதம், எந்தத் திசையில் போவது?

உங்கள் முதல் முயற்சி எதனால் நின்றது என்பதைப் பொறுத்தது. மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ ஜார்ஜியாவில் தொடங்கி வடக்கே போவதே பெரும்பாலானவர்களின் வழி. தனிமை தாங்காமல் திரும்பியவர்களுக்கு அந்தக் கூட்டமே துணை. குளிரும் கொட்டகை நெரிசலும் திருப்பி அனுப்பியிருந்தால், மேற்கு வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் ஏப்ரல் கடைசியில் தொடங்கி, கடாடின் வரை வடக்கே நடந்துவிட்டு, பேருந்திலோ விமானத்திலோ ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரிக்குத் திரும்பி அங்கிருந்து தெற்கே ஸ்பிரிங்கருக்கு இறங்கலாம். தொடக்கத்தில் ஏற்றங்கள் மென்மையாக இருப்பதால் முழங்கால் பழக நேரம் கிடைக்கும்; பாதை அமைப்பும் நெரிசலைக் குறைக்க இந்த முறையை ஊக்குவிக்கிறது. மெயினில் ஜூன் மாதம் தொடங்கித் தெற்கே வருவது நல்ல மலை அனுபவம் உள்ளவர்களுக்கு மட்டும். கடித்துத் துளைக்கும் கருப்பு ஈக்கள் அப்போது உச்சத்தில் இருக்கும்.

வடக்கு நோக்கிப் போகிறவர்கள் தேதியைப் பின்னிலிருந்து எண்ணுங்கள். கடாடின் மலை இருக்கும் பாக்ஸ்டர் மாநிலப் பூங்காவில் கோடைகால முகாம் அக்டோபர் 15உடன் முடிகிறது. அதற்கு முன்பும் வானிலை கெட்டால் உச்சிக்குச் செல்லும் வழியை மூடிவிடுவார்கள். நெடுநடையாக வருபவர்கள் பூங்காவில் தனி அனுமதி அட்டை வாங்க வேண்டும். அக்டோபர் முதல் வாரத்துக்குள் அங்கே இருக்கும்படி, ஊர்களில் தங்கும் ஓய்வு நாட்களையும் சேர்த்து, புறப்படும் தேதியை முடிவு செய்துகொள்ளுங்கள்.